திரைக்கார பாயும் ஓடிப்போன அரண்மனையும்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து ஈர மணலில் நண்டு ஓடிய தடம் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேச்சு நின்றுவிட்டது. சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் இந்த வயதிலும் நான் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிழை கண்டால் படிக்கிறவர்கள் மனத்துக்குள்ளேயே திருத்திக்கொள்ளுங்கள். என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். நாலு பேர் முன்னால் யாராவது என் பெயரைச் சொன்னாலே எனக்குக் காது சூடாகிவிடும்.

பாயின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் எங்கள் ஊர் மரக்காணத்தில் யாருக்கும் தெரியாது. திரைக்கார பாய் என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் கடை வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். பந்தல், மேடை, நாற்காலி, மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை அது. நான் அங்கே கயிறு இழுக்கிற வேலையில் இருந்தேன்.

பாய்க்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். எதையும் சும்மா காட்டக் கூடாது. மூடி வைத்து, காக்க வைத்து, பிறகு திறக்க வேண்டும்.

மத்தியானம் அவர் டிபன் கேரியரைத் திறப்பதே ஒரு நிகழ்ச்சி. முதலில் அதன்மேல் தோளில் கிடக்கும் கட்டம் போட்ட துண்டைப் போட்டு மூடுவார். பிறகு சுற்றிப் பார்ப்பார். "இருப்பா, ஜனம் இன்னும் உக்காரல" என்பார். ஜனம் என்பது நானும் எதிர்க்கடை டெய்லரும்தான். டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினால்தான் துண்டு நகரும். உள்ளே தினமும் சோறு, பருப்பு, ஒரு முட்டை. காலையில் அந்த முட்டையை உரித்து வைத்ததே அவர்தான். ஆனாலும் "அடடே, முட்டை!" என்று அவருக்குத் தினமும் ஆச்சரியம் வரும். அது நடிப்பு இல்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

ரம்ஜானுக்கு எங்கள் வீட்டுக்கு பிரியாணி கொண்டுவருவார். குண்டானைக் கூடத்தில் வைத்து, மேலே ஒரு போர்வை. என் அம்மா எதிரே கோரைப் பாயில் உட்கார வேண்டும்.

"அம்மா, ரெடியா?"

"ரெடிப்பா, தொற. பசிக்குது."

போர்வை விலகும். ஒரு வருஷம் அம்மா ஏதோ நினைப்பில் 'ஆ' என்று சொல்ல மறந்துவிட்டாள். பாய் முகம் விழுந்துவிட்டது. பிரியாணியைத் திரும்ப மூடி, குண்டானைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், திரும்பவும் உள்ளே வந்தார். இந்த முறை அம்மா போட்ட 'ஆ'வுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

இந்தப் பழக்கம் அவருக்கு கல்ஃபில் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே கட்டடம் கட்டப் போவார்கள், கடையில் நிற்கப் போவார்கள். பாய் போனது ஒரு பெரிய அரங்கத்தில் திரை இழுக்க. வருஷக்கணக்காக மேடையின் ஓரத்தில், மறைவில் நின்றே வேலை பார்த்ததால், அவர் பார்த்த ஆட்டம் பாட்டம் எல்லாமே பக்கவாட்டில்தான்.

"ஒலகத்துல பெரிய பெரிய ஆளுங்களை எல்லாம் பார்த்துட்டேன்பா. ஒருத்தனுக்கும் ரெண்டாவது காது இருக்குதான்னு எனக்குத் தெரியாது" என்பார்.

ஊர் திரும்பியபோது மற்றவர்கள் போல டி.வி., போர்வை, சென்ட் பாட்டில் என்று கொண்டுவரவில்லை. அந்த அரங்கத்தில் பழசாகிவிட்டது என்று கழித்துப் போட்ட சிவப்பு வெல்வெட் திரையைச் சுருட்டிக் கட்டி எடுத்துவந்தார். ஏர்போர்ட்டில் அதை முழுதாகப் பிரித்து, உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறார் என்று தேடு தேடென்று தேடினார்களாம். "திரைக்குள்ள என்னமோ இருக்குதுன்னு நம்பிட்டாங்கப்பா. பின்ன திரை எதுக்கு இருக்குது? அதுக்குத் தானே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நமக்கு மேடை என்றால் நாலு கால், பலகை, மேலே ஒரு சாமியானா. பாய்க்கு அது ஆள் மாதிரி. முன்திரை அதன் கண்ணிமை. மேலே தொங்குகிற ஜாலர் புருவம். இரண்டு ஓரத்திலும் ஆட்கள் மறைந்து நிற்கிற இடத்தை அவர் விங் என்பார். பின்னால் காடோ அரண்மனையோ எழுதித் தொங்குகிற சீன் முதுகு. நடந்து போகும்போதுகூட அவருக்கு இதே நினைப்புதான். உப்பளத்து ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல் நிற்கும். "பாரு, விங்கு" என்பார். தூரத்துப் பனைமரங்களைக் காட்டி, "சீன் எழுதினவன் கெட்டிக்காரன்பா" என்று வானத்தைப் பார்த்து ஒரு சலாம் வைப்பார்.

கல்யாண வரவேற்பு ஒன்றுக்கு மேடையில் பாதாளக் கதவு வைத்தது ஊர் முழுக்கத் தெரிந்த கதை. மணமக்கள் நடந்து வந்து உட்கார்ந்தால் அதில் என்ன இருக்கிறது, தரையைப் பிளந்துகொண்டு எழுந்து வர வேண்டும் என்று பாய் பெண் வீட்டாரைப் பேசிப் பேசி மடக்கிவிட்டார். பலகையில் சதுரமாக ஓர் ஓட்டை. கீழே லாரி ஜாக்கி. பெண் ஒல்லி. புகைக்கு நடுவில் தேவதை போல மேலே வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு நல்ல உடம்பு. இடுப்பு வரைக்கும் வந்தார். அதற்கு மேலே வரவில்லை. கீழேயும் போகவில்லை. ஜாக்கி மக்கர் செய்துவிட்டது. சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து, குனிந்து கை கொடுத்து, மொய்க் கவரை அவர் தலைக்கு மேலே நீட்டிவிட்டுப் போனார்கள். போட்டோவில் எல்லாம் பெண் முழுசு, மாப்பிள்ளை அரை.

பெண்ணின் அப்பா பாயைப் பிடித்துக்கொண்டார். "என்ன பாய் இது! மானம் போவுதே!"

"கோவப்படாதீங்க முதலாளி. பாதி தெரிஞ்சா தான் மீதியைப் பார்க்க ஜனத்துக்கு ஆசை வரும். இதுவரைக்கும் ஒரு ஆளு எழுந்து போயிருக்குதா, பாருங்க."

உண்மைதான். பந்தி தயார் என்று மைக்கில் சொல்லியும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

எனக்கு அந்த விங் ரொம்பப் பிடித்துப்போனது. நான் கடைக்குப் போனால் கடையில் கூட்டம் கலைகிற வரைக்கும் வெளியே நிற்கிற ஆள். பந்தியில் பரிமாறுகிறவர் எதிரே வந்து நின்றால் போதும் என்று சொல்ல வெட்கப்பட்டு வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுகிற ஆள். விங்கில் நின்றால் எல்லாம் நமக்குத் தெரியும், நாம் யாருக்கும் தெரிய மாட்டோம். இப்படி ஓர் இடத்தை உலகத்தில் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

வயது நாற்பதை நெருங்கியபோது அம்மா எனக்குப் பெண் பார்த்தாள். பெண் பெயர் செல்வி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. அவள் வேலை செய்கிற பாத்தியில் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் நாலாவது பாத்தியில் இருக்கிறவர்களும் என்ன ஏது என்று தெரியாமலேயே சிரிப்பார்கள். அவளை எனக்கு வெகுநாளாகத் தெரியும். என்னை அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

பெண் பார்க்கப் போனோம். காபி கொடுத்தாள். குடித்தேன். அவளுடைய மாமா, "தம்பி ஏதாவது பேசுப்பா" என்றார். நான் டம்ளரைப் பார்த்தேன். "கேக்கிறதுன்னா கேளுப்பா" என்றார். டம்ளரின் அடியைப் பார்த்தேன். அப்படியே எழுந்து வந்துவிட்டோம்.

மறுநாள் பதில் வந்தது. செல்வி சொன்னதை அவளுடைய மாமா அப்படியே ஒப்பித்தார்: "ஆளு நல்ல ஆளு தான் மாமா. ஆனா காலம் பூரா நான் செவுத்தோடயா பேசறது? அவரே வாயைத் தொறந்து, கட்டிக்கிறியான்னு என்னை ஒரு வார்த்தை கேக்கட்டும். கேட்டா சரி. இல்லைன்னா வேற எடம் பாருங்க."

மாமா வேறு இடமும் பார்த்துவிட்டார். கிளியனூர்க்காரர் ஒருவர், பால் வியாபாரம். சித்திரை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார் என்று பேச்சு.

நான் சோறு இறங்காமல் கடையில் உட்கார்ந்திருந்தேன். பாய் என்னைக் கிளறிக் கிளறி விஷயத்தை வாங்கிவிட்டார். கேட்டதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கல்லாவைத் தட்டித் தாளமே போட்டார்.

"அட இவ்ளோ தானா? இதுக்கு ஒனக்கு வாய் வேணாம்பா, திரை வேணும். கூத்துல பார்த்ததில்ல நீ?"

எங்கள் பக்கத்துக் கூத்தில் ராஜா நேராக வந்து நிற்க மாட்டார். இரண்டு பேர் ஒரு துணியை இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். ராஜா அதன் பின்னால் நின்று, தான் யார், எந்த ஊர், எதற்காக வந்திருக்கிறேன் என்று பாடுவார். சொல்லி முடித்த பிறகுதான் துணி விலகும்.

"ராஜாவுக்கே அங்க வெக்கம்பா. அதான் துணி. நீயும் துணிக்குப் பின்னாடி நின்னு சொல்லு. நான் பிடிக்கிறேன். சொல்லி முடிச்சதும் எடுத்துடறேன். அப்ப வெக்கப்பட்டு என்னா பண்ணுவ? எல்லாம் சொல்லியாச்சே!"

மறுநாளே என்னையும் டெய்லரையும் உப்பளத்துக்கு இழுத்துப் போனார். வரப்பின்மேல் என்னை நிறுத்தி, துண்டின் ஒரு முனையை டெய்லர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, "செல்விம்மா, இங்க கொஞ்சம் பாரு தாயி!" என்று குரல் கொடுத்தார். வேலையில் இருந்த எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நான் துண்டுக்குப் பின்னால் "நா" என்று ஆரம்பித்தேன். கடல்காற்று ஒரு வீச்சு வீசியது. துண்டு எழும்பி என் மூஞ்சியிலேயே சுற்றிக்கொண்டது. துண்டோடு ஓடினேன். செல்வியின் சிரிப்பு பின்னாலேயே ரொம்ப தூரம் வந்தது.

"காத்து தான்பா தப்பு. ஐடியா தப்பில்ல" என்றார் பாய்.

அந்தப் பங்குனிக் கடைசியில், உப்பளத்துப் பெண்களின் மகளிர் குழு விழாவுக்கு மேடை போடும் வேலை பாய்க்கு வந்தது. விழாவின் மறுநாள் கிளியனூர்க்காரர் வருவதாக நாளும் குறித்துவிட்டார்கள். விழாவில் பெண்களே எழுதி, பெண்களே நடிக்கிற நாடகம். நாட்டில் உப்பையே தடை செய்த ஒரு ராஜாவின் கதை. ராஜா வேஷம் செல்விக்கு. எதிர்க்கடை டெய்லரின் சம்சாரம் மந்திரி.

எத்தனையோ மேடை போட்டிருந்தாலும், முன்திரை, ஜாலர், விங், சீன், அடிவிளக்கு என்று எதையும் விடாமல் ஒரு முழு மேடை கட்டுவது பாயின் நெடுநாள் ஆசை. இதுதான் சமயம் என்று இறங்கிவிட்டார். பீரோவில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த சிவப்பு வெல்வெட் திரை வெளியே வந்தது. விழா நடக்கிற இடம் உப்பளத்து ரோட்டின் கிழக்குக் கோடி. குழி தோண்டினால் தண்ணீர் ஊறுகிற மண். கால் நட முடியாது. அதனால் உப்பு மூட்டை ஏற்றுகிற பெரிய நாலு சக்கர டிரெய்லரை நிறுத்தி, இரண்டு பக்கமும் நீட்டிப் பலகை அடித்து, அதன்மேலேயே மேடையைக் கட்டினார். சீன் எழுத, உப்புக் குவியலை மூடுகிற தார்ப்பாய். அதில் போர்டு எழுதுகிற பெயின்டர் தூண், மயில், சிங்காசனம் எல்லாம் வைத்து ஒரு அரண்மனை எழுதினார். மேடை கடலைப் பார்த்து நின்றது. ஜனம் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார ஏற்பாடு.

டிரெய்லர் நகராமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் வேண்டும் என்றார் பாய். உப்பளத்தில் கல் ஏது? கிடையாது.

"கல்லு எதுக்கு பாய், கெட்டி உப்பு இருக்குது. போன வருஷத்து உப்பு, கடப்பாரை போட்டாலும் உடையாது" என்றார்கள் பெண்கள். கட்டி கட்டியாகக் கொண்டுவந்து நாலு சக்கரத்துக்கும் அண்டை கொடுத்தார்கள். பாய் காலால் உதைத்துப் பார்த்தார். பாறை மாதிரி இருந்தது.

பிற்பகலில் புழுதி பறக்கிறது என்று டேங்கர் வந்து ரோடு முழுக்கத் தண்ணீர் அடித்தது. பிறகு பெண்கள் குடம் குடமாக ஊற்றி மேடைக்கு முன்னால் கோலம் போட்டார்கள். கோலத்தை இன்னும் பெரிதாகப் போடலாம் என்று மேலும் ஊற்றினார்கள். உப்போடு பிறந்து, உப்போடு வளர்ந்து, உப்பிலேயே சம்பாதிக்கிற அத்தனை பேர் அங்கே இருந்தோம். தண்ணீரில் உப்பு கரையும் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வெயில் சாய்ந்து கடல்காற்று ஏறுகிற நேரத்தில் நாடகம் தொடங்கியது. நான் தெற்கு விங்கில் முன்திரைக் கயிற்றோடு நின்றேன். வடக்கு விங்கில் சீன் கயிற்றின் பக்கத்தில் டெய்லர் நிற்க வேண்டும். பாய் முன்னால் ஜனத்தோடு நின்றுகொண்டு, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கையைத் தூக்கினார். இழுத்தேன். சிவப்புத் திரை இரண்டாகப் பிரிந்தது. ஜனம் "ஆ" என்றது. என் அம்மாவின் 'ஆ' எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

செல்வி மை மீசையோடு சிங்காசனத்தில் இருந்து எழுந்து, "இந்த நாட்டில் இனி எந்தச் சட்டியிலும் உப்பு இருக்கக் கூடாது!" என்று முழங்கினாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய காற்று. அவளுக்குப் பின்னால் அரண்மனைக்கு வயிறு வந்துவிட்டது. தூண்கள் வளைந்தன. மயில் ஊதிப் பெருத்தது. பாய்மரம் மாதிரி தார்ப்பாய் புடைத்துக்கொள்ள, மேடை ஒரு தரம் முனகியது. பிறகு மெதுவாக, ரொம்ப மரியாதையாக, ஜனத்தை விட்டுப் பின்வாங்கத் தொடங்கியது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு கிழவர், "ஏம்பா, என் கண்ணு மங்குதா, ராஜா தூரமா போறாரே" என்றார். பிறகுதான் கூச்சல். ஆனால் ஓட்டம் அப்படியொன்றும் வேகமில்லை. மாடு வீடு திரும்புகிற நடை. ஜனம் என்ன செய்தது தெரியுமா? நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேடையின் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தது. நாடகம் பாதியில் நிற்கிறதே, கதை தெரிய வேண்டாமா?

செல்வியும் நிறுத்தவில்லை. "மந்திரியாரே, நம் நாடு ஏன் நகர்கிறது?" என்று கேட்டாள்.

"உப்பில்லாத நாடு நிக்காது, மன்னா!" என்றாள் டெய்லர் சம்சாரம். விசில் பறந்தது.

இதை நிறுத்துகிற வழி எனக்கு மட்டும்தான் தெரிந்தது. சீன் கயிற்றை அவிழ்த்துவிட்டால் தார்ப்பாய் விழுந்துவிடும், மேடை நின்றுவிடும். ஆனால் முடிச்சு வடக்கு விங்கில் இருந்தது. டெய்லரோ தன் சம்சாரத்தின் நடிப்பைப் பார்க்கக் கீழே இறங்கிப் போய், இப்போது கூட்டத்தோடு விசிலடித்தபடி நடந்துகொண்டிருந்தார். நான் அங்கே போக வேண்டுமானால் நடு மேடையைக் கடக்க வேண்டும். எல்லோரும் பார்க்க. வெளிச்சத்தில்.

ஒரு காலை விங்குக்கு வெளியே வைத்தேன். அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த கால் வரவில்லை.

செல்வி திரும்பினாள். வாளை என் பக்கம் நீட்டினாள்.

"யாரங்கே? அனுமதி இல்லாமல் என் சபைக்குள் கால் வைப்பது யார்? பெயர் என்ன? வந்த காரியம் என்ன?"

ஊரே என் காலைப் பார்த்தது. மேடையின் ஓரமாக பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. கயிற்றை அவிழ்த்துவிடு என்று கத்தப் போகிறார், அவருடைய மேடை, அவருடைய வெல்வெட் என்று நினைத்தேன். அவர் கயிற்றைப் பார்த்தார். புடைத்த அரண்மனையைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம், டிபன் கேரியரைத் திறக்கும்போது இருக்குமே, அப்படி ஆகிவிட்டது.

ஒரே தாவில் மேலே ஏறினார்.

"பாய், கயிறு!" என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"கயிறு கெடக்குது! மேடை போனா இன்னொண்ணு கட்டிக்கலாம்டா. நீ சொல்லு!"

தோளில் இருந்த துண்டை உருவி, ஒரு முனையை மந்திரி கையில் திணித்து, மறுமுனையைத் தான் பிடித்து, எனக்கு முன்னால் உயர்த்தினார். நாங்களும் காற்றோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்ததாலோ என்னவோ, அன்றைக்கு அந்தத் துண்டு அசையவே இல்லை. கட்டம் கட்டமாக எனக்கு முன்னால் ஒரு சுவர் போல நின்றது. அதற்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் எனக்கு இல்லாமல் போய்விட்டார்கள். கீழே சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"ராஜா... நான் அடுத்த தெருதான்" என்றேன். தலைக்கு மேலே மைக் தொங்குவதை நான் மறந்துவிட்டேன். என் குரல் பனைமரம் வரைக்கும் போய்விட்டு வந்தது. "உங்க வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டு, ஒண்ணும் பேசாம போனவன் நான் தான். காபி நல்லா இருந்துச்சு. அன்னிக்கே சொல்லி இருக்கணும். எனக்கு ஒங்க சிரிப்புன்னா ரொம்பப் புடிக்கும். நீங்க சிரிச்சா நான் கடையில ஒக்காந்து சும்மாவே சிரிப்பேன். பாயைக் கேட்டுப் பாருங்க." மூச்சு வாங்கினேன். "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

துண்டு விலகியது.

செல்வி வாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். மை மீசை வியர்வையில் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஜனம் நாற்காலிகளைத் தலையில் வைத்தபடி, வாயைத் திறந்தபடி, எங்களோடு நடந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மந்திரியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"மந்திரியாரே, கிளியனூருக்கு ஆள் அனுப்புங்க. நாளைக்கு அந்தப் பால்காரர் வர வேணாம்னு சொல்லச் சொல்லுங்க."

கைத்தட்டல் எழும்பவும், ரோடு திரும்பவும், மேடை திரும்பாமல் நேராகப் போகவும் சரியாக இருந்தது. டிரெய்லரின் ஒரு பக்கச் சக்கரம் வரப்பில் இறங்கியது. மேடை, தூக்கம் வந்த குழந்தை போல, மெல்லச் சாய்ந்தது. ராஜா, மந்திரி, நான், பாய், சிங்காசனம் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகச் சறுக்கிக் கணுக்கால் தண்ணீர் நின்ற உப்புப் பாத்தியில் உட்கார்ந்தோம். கடைசியாக அரண்மனை வந்து மேலே படுத்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் இருட்டில் செல்வியின் சிரிப்பு ஆரம்பித்தது. நானும் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். எனக்கு அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாரோ தார்ப்பாயைத் தூக்கினார்கள். பாய்தான். எப்போது ஊர்ந்து வெளியே போனாரோ, லுங்கியெல்லாம் சேறு. எதிரே நின்று, தலையைச் சாய்க்காமல், எங்கள் இருவரையும் நேருக்கு நேராகப் பார்த்தார்.

"ஓரமா நிக்காம முன்னாடி நின்னு பார்த்தது இன்னிக்குத் தான்பா மொத தடவ" என்றார். "ஒனக்கு ரெண்டு காதும் இருக்குது. மாஷா அல்லா!"

வெல்வெட் திரை உப்புத் தண்ணீர் குடித்து, காய்ந்த பிறகு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் உடைந்தது. நான்தான் அதைப் பார்த்துக் கண் கலங்கினேன். பாய் அதில் உடையாத ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்துவைத்தார். எங்கள் கல்யாணத்தில், ஐயர் முணுமுணுக்க முணுமுணுக்க, தாலி கட்டும் வரைக்கும் எனக்கும் செல்விக்கும் நடுவில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இருங்க சாமி, ஜனம் இன்னும் உக்காரல" என்றார்.

பாய் இப்போது கல்ஃபில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலி, மேடை ஏற முடியாது. கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாரம் ஒரு நாள் சாயங்காலம் வீடியோவில் வருவார். முதலில் ஒன்றும் தெரியாது, செக்கச் செவேல் என்று இருக்கும். கேமராவைக் கையால் மூடி வைத்திருப்பார். "அம்மா வந்தாச்சா? செல்வி வந்தாச்சா? பாப்பா எங்க?" என்று குரல் மட்டும் வரும். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் கை விலகும். நாங்கள் 'ஆ' என்போம். மறந்தால் போனை வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவார்.

இந்தப் பக்கங்களை நான் எழுதுவது அவருக்கும் தெரியாது, செல்விக்கும் தெரியாது. கடைக் கணக்கு பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்றைக்கு அவர் பேசுகிற நாள். எழுதிய தாள்களை அடுக்கி, மேலே அந்தச் சிவப்பு வெல்வெட் துண்டைப் போட்டு மூடி, கூடத்து நடுவில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டேன். அவர் கையை எடுத்ததும் நான் துண்டை எடுக்கப் போகிறேன். பிறகு எழுந்து நின்று, இதை எல்லோர் முன்னாலும் நானே சத்தமாகப் படிக்கப் போகிறேன்.

செல்வி இப்போதுதான் அந்தப் பக்கம் போனாள். துண்டைப் பார்த்துவிட்டு, "ஏங்க, உள்ள என்னாது?" என்றாள்.

"இரு செல்வி, ஜனம் இன்னும் உக்காரல" என்றேன்.

போன் அடிக்கிறது. கடைசித் தாளையும் துண்டுக்கு அடியில் சொருக வேண்டும்.

ஆடிப் பதினெட்டு, சாயங்காலம், கடல்காற்று ஏறுகிற நேரம்.